கண்ணாடிச் சுவரும் கம்பெனி பேட்ஜும்

எங்கள் ஊரில் நான் பேர் வாங்கியது பொய் சொல்லித்தான். அதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைத் தலைநிமிர்ந்து எழுதலாம்.

எழுபதுகளின் பின்பாதி அது. சென்னையில் டி.வி. ஒளிபரப்பு ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ரயில்வே கேட்டைத் தாண்டி அரைமணி நேரம் நடந்தால் எங்கள் கிராமம். அங்கே பஞ்சாயத்து ஆபீசுக்குப் பொதுப் பெட்டி என்று அரசாங்கம் ஒரு டி.வி. கொடுத்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதற்கு ஒரு மரக்கூடு, கூட்டுக்கு இரண்டு பக்கமும் திறக்கிற கதவு, கதவுக்குப் பூட்டு, பூட்டின் சாவி பிரசிடெண்ட் இடுப்பில். சென்னை வெகுதூரம் என்பதால் மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நட்டு ஆண்டெனா கட்டியிருந்தார்கள். காற்றடித்தால் செய்தி வாசிப்பவருக்கு நான்கு காது தெரியும்.

பொதுப் பெட்டி என்று பேர்தான். ஊர்க்காரர்கள் ஹாலுக்குள் பாய் விரித்து உட்காருவார்கள். பிரசிடெண்ட்டும் அவர் சம்சாரமும் முன்னால் நாற்காலியில். காலனிக்காரர்களான நாங்கள் வெளியே, இடது பக்கச் சுவரில் இருந்த நீளமான ஜன்னலின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்போம். உள்ளே வராதே என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருவள்ளூரில் மிஷன் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில், வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். காலனியில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா பிரசிடெண்ட் நிலத்தில் நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். கம்பெனிகள் வந்த பிறகு அவளும் சேற்றிலிருந்து கரையேறி, ஒரு பட்டறையில் இரும்புக் கழிவு பிரிக்கிற வேலைக்குப் போனாள்.

கம்பெனியில் எனக்கு ஒரு பேட்ஜ் உண்டு. வெள்ளை பிளாஸ்டிக் தகடு, அதில் என் பெயர், நம்பர். இடது தோளுக்குக் கீழே புடவையில் குத்திக்கொள்ள வேண்டும். அதைக் குத்தியிருக்கும்வரை நான் மேடம். ஃபோர்மேன்கூட, "மேடம், இந்த ஓ.டி. லிஸ்ட்டைக் கொஞ்சம் அடிச்சுக் குடுங்க" என்று நின்றுதான் கேட்பார். சாயந்திரம் ரயில்வே கேட் வந்ததும் பேட்ஜைக் கழற்றி டிபன் பைக்குள் போட்டுவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பேட்ஜோடு ஊர்த்தெருவில் நடந்தபோது டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னாடா, கலெக்டரம்மா நடந்து வருது!" பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திருப்பிக் கேட்டிருப்பேன். அம்மாதான் அன்றைக்கு என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இன்னாத்துக்குடி இந்த பேஜாரு? ஊருக்குள்ள வரும்போது கழட்டி பையில போட்டுக்க. காலீல எட்து குத்திக்க."

கழற்றினேன். தினமும் கேட்டில் கழற்றுவதும் குத்துவதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. கழற்றும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனாலும் கழற்றினேன்.

அந்தச் சமயத்தில்தான் புதன்கிழமைதோறும் ஏழு மணிக்கு ஒரு வெளிநாட்டு விஞ்ஞானத் தொடர் வர ஆரம்பித்தது. இங்கிலீஷில். ஆகாயத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கப்பல் போய்க்கொண்டே இருக்கும். அதில் ஒரு கேப்டன். கப்பலின் அடித்தளத்தில் ஒரு கண்ணாடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைதி. இருவருக்கும் ஒரே முகம். கேப்டன் தினமும் வேலை முடிந்ததும் படியிறங்கி வந்து அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்று பேசுவான். கைதி எப்போதும் திரையின் இடது பக்கம், கேப்டன் வலது பக்கம். இருவருக்கும் ஒரே உடுப்பு. மார்பில் குத்திய சின்னம் மட்டும் கேப்டனுக்கு இடது மார்பில், கைதிக்கு வலது மார்பில். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு தொட்டிச் செடி.

ஊரில் அதற்குக் 'கண்ணாடிக் கப்பல்' என்று பேர் வைத்தார்கள். வேட்டுச் சத்தமும் பறக்கிற கப்பலும் பார்க்க நன்றாக இருந்தன. ஆனால் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை. முதல் வாரமே காலனிப் பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"இங்கிலீஷ் பட்ச்சவ நீதானே? சொல்லு, இன்னா சொல்றான் அவன்?"

இங்கே என் பொய் ஆரம்பம். ஹாஸ்டலில் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ், பைபிளும் இலக்கணமும். ஆகாயக் கப்பலில் பேசிய இங்கிலீஷ் வேறு ஜாதி. மூன்று வார்த்தையில் ஒன்று பிடிபடும். தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. பிடிபட்ட ஒரு வார்த்தையை வைத்து மீதி இரண்டை நானே கட்டினேன். ஒரே முகம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது டபுள் ஆக்டிங்தானே. ஆகவே இருவரும் இரட்டைப் பிள்ளைகள். சின்ன வயசில் வால்நட்சத்திரம் மோதி அவர்கள் ஊர் சிதறியபோது ஒருவன் நல்லவர்கள் கையில் கிடைத்தான், இன்னொருவன் கெட்டவர்கள் கையில் கிடைத்தான். இப்போது அண்ணன் கேப்டன், தம்பி கைதி. இருவருக்கும் அது தெரியாது. தொட்டிச் செடி அவர்கள் அம்மா கொடுத்தது.

வாரா வாரம் இப்படி அள்ளிவிட்டேன். கேப்டன் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினால் நானும் தொண்டை அடைக்கச் சொல்வேன். காலனிப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ ஒன்றைக் கவனித்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் படம் இருந்தது, கதை இல்லை. கதை எங்களிடம் இருந்தது. பாயெல்லாம் மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்ந்து வந்தது. பிரசிடெண்ட் சம்சாரம் தன் நாற்காலியையே தூக்கிவரச் சொல்லி ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொண்டார். நான் குரலைத் தாழ்த்தினால், "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு பொண்ணு" என்பார். அந்த ஊரில் யாரும் என்னைச் சத்தமாகப் பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிரசிடெண்ட் சம்சாரம். இந்தப் பக்கம், டி.வி.க்குக் கிட்டேயிருந்த முனையில், என் அம்மா. கழிவு பொறுக்கிக் குனிந்து குனிந்து முழங்கால் வலி வந்துவிட்டது அவளுக்கு. நிற்க முடியாமல் அந்த முனையில் கிடந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துதான் பார்ப்பாள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இருவரும் கதை கேட்கும்போது ஒரே மாதிரி இடது கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள். நடுவில் ஐந்தாறு இரும்புக் கம்பி. ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். திரையில் இருவரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கை வைத்து நிற்கிற காட்சி வந்தபோது எனக்கு ஏனோ திரும்பி இவர்களைப் பார்க்கத் தோன்றியது. இரண்டு பாத்திரங்களை எதிரெதிரே நிறுத்தி ஒன்றுக்குள் இன்னொன்றைக் காட்டுவதும், ஒரு சுவரை வெறும் சுவராக விடாமல் வேறொன்றைச் சொல்ல வைப்பதும் கதை எழுதுகிறவர்களின் கைவேலை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை வீடு திரும்பும் வழியில் அம்மா கேட்டாள்.

"ஏன்டி, ரெட்ட புள்ளைங்கன்னு சொல்றியே, இன்னொரு புள்ள எங்கடி?"

"இன்னாம்மா கேக்குற? கைதி இருக்கான்ல."

"அது அவனேதான்டி. ஒரே ஆளு. டூட்டில கீறப்போ மாருல பேட்ஜு குத்திக்கினு கீறான். டூட்டி முடிஞ்சா கழட்டி வெச்சிட்டு கீய எறங்கி வந்து தனியா பொலம்பறான். உன்ன மாதிரிதான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் அம்மாவுக்குப் படம் பார்க்கவே தெரியவில்லை என்று காலனி முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஆள்தான் என்பதை விடவும் இல்லை.

அடுத்த வாரம் அவளைக் கேலி செய்வதற்காகவே அவள் கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். என் இடம் ஜன்னலின் அந்தக் கோடி. கதை சொல்கிறவள் என்பதால் நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் என்னை ஏற்றி வைத்திருந்தார்கள். அங்கிருந்து முழுத் திரையும் தெரியும். அம்மாவின் கல்லிலிருந்து பார்த்தால், டி.வி. கூட்டின் இடது பக்கக் கதவு திறந்து நின்று திரையின் இடது பாதியை அப்படியே மறைத்தது. கைதி நிற்கிற பாதி அது. கேப்டன் மட்டும் சூனியத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். கைதியை மட்டும் நடுவில் பெரிதாகக் காட்டினால் அவன் பாதி முகமும் பாதி மார்பும் தெரிந்தன. அந்தப் பாதியில் பேட்ஜ் இல்லை.

ஏழு வாரம். ஏழு வாரமாக என் அம்மா பாதிப் படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதியைப் பார்த்து முழுக்கதையை மனசில் கட்டியிருக்கிறாள். நான் செங்கல் மேல் நின்று அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. உள்ளே பாய் காலியாகக் கிடந்தது. பொதுப் பெட்டி. என் அம்மாவை அந்த ஹாலுக்குள் உட்கார வைத்து முழுத் திரையையும் காட்டவேண்டும். அந்த வருஷம் அதைவிடப் பெரிய ஆசை எனக்கு இருக்கவில்லை.

அன்றைக்குத் தொடர் முடிந்ததும் பிரசிடெண்ட் சம்சாரம் ஜன்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"பொண்ணு, வெளிய நின்னுக்கினு கத்தறியே, தொண்ட இன்னாத்துக்கு ஆவும்? அடுத்த வாரத்துலேர்ந்து உள்ள வந்து சொல்லு. நான் அவருகிட்ட சொல்லிட்டேன்."

"எங்க அம்மா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். ஏழு வாரத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவங்க எப்பவும்போல அங்கியே கீட்டும். நீ பட்ச்ச பொண்ணு, உனுக்கு இன்னா?"

நல்ல மனசோடுதான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால் எனக்குக் கோபம் குறையவில்லை.

"அப்ப நானும் அங்கியே கீறேன்" என்றேன்.

அடுத்த புதன்கிழமை அம்மாவைத் தூக்காத குறையாக என் செங்கல் மேல் நிறுத்தப் பார்த்தேன். முழங்கால் வலிக்குது, கல்லே போதும் என்று பிடிவாதம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். நான் செங்கல்லில் ஏறிக் கதை சொன்னேன். ஆனால் எங்கள் ஆட்கள் காதுக்கு மட்டும், குசுகுசுவென்று. உள்ளே ஒரு வார்த்தை போகவில்லை. உள்ளேயிருந்து முதலில் "சத்தம்" என்றார்கள். பிறகு "சத்தமா சொல்லும்மே" என்று அதட்டினார்கள். பிறகு பிரசிடெண்ட்டே எழுந்து வந்தார். தெலுங்குப் பக்கத்து உறவு அவருக்கு. யாரைப் பார்த்தாலும் நைனா என்பார்.

"இன்னா நைனா, தொண்ட கட்டிக்கிச்சா?"

"இல்லிங்க. வெளிய இருக்கறவங்களுக்குச் சொல்றேன். வெளிய இருக்கறவங்களுக்குக் கேக்குது."

அவர் முகம் சிவந்துவிட்டது. திரும்பிப் போய் உட்கார்ந்தார். அந்த வாரம் பாதியிலேயே உள்ளே இருந்து பலர் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வாரமும் அதேதான். அன்றைக்கு முடியும்போது அறிவிப்பாளர் வந்து, வரும் புதன்கிழமை நிறைவுப் பகுதி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொடர் முடிந்துவிட்டால் என்னிடம் இருக்கிற ஒரே பிடியும் போச்சு. அம்மா கடைசிவரைக்கும் பாதிக் கப்பலைத்தான் பார்த்திருப்பாள். வீம்பு பிடித்தது தப்போ, நானாவது உள்ளே போயிருக்கலாமோ என்றுகூட ஒரு ராத்திரி தோன்றியது. மறுநாள் காலை அம்மாவின் முழங்காலைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

எங்கள் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த ஒரு பையன் ஊர்த்தெருவைச் சேர்ந்தவன். டீக்கடை பெஞ்சில் அன்று சிரித்தவர்களில் அவனும் ஒருவன். அந்த வாரம் அவன் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கடைசி பகுதி இன்னாதான் ஆவும்?"

"எனக்கும் தெரியாது. வந்து பாரு."

"நீ சொல்லாம இன்னாத்தப் பாக்கறது?" என்றவன் தட்டைப் பார்த்தான், என் தட்டையும் பார்த்தான். இரண்டிலும் ஒரே உப்புமா. "இங்க ஒரே பெஞ்சுலதானே நாஷ்டா துன்றோம். நான் பேசறேன் இரு."

என்ன பேசினானோ, யாரிடம் பேசினானோ தெரியாது. கம்பெனிகளுக்குப் போகிற ஊர்ப் பையன்கள் பத்துப்பன்னிரண்டு பேர் சேர்ந்து பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தப் புதன்கிழமை நான் வேலையிலிருந்து நேராக வந்தேன். கேட்டில் வழக்கம்போலப் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டேன். பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தால் வாசல் முழுக்கக் கூட்டம். பிரசிடெண்ட் படியில் நின்றுகொண்டிருந்தார். ஃபிட்டரும் இன்னும் மூன்று பேரும் டி.வி. இருந்த மேஜையின் நாலு காலையும் பிடித்துத் தூக்கத் தயாராக இருந்தார்கள்.

"எல்லாரும் பாக்கணும், அவ்ளோதானே?" என்றார் பிரசிடெண்ட். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொன்னார். "நான் குறுக்க நிக்கல நைனா. பொட்டிய வெளிய எடுத்து வெச்சிடறேன். ஊர்க்காரங்க அந்தாண்ட ஒக்காரட்டும், நீங்க இந்தாண்ட ஒக்காருங்க. பொதுவாப் பாக்கலாம். இன்னா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எங்கள் ஆட்களில் சிலர் தலையாட்டினார்கள். எனக்கே ஒரு நிமிஷம் சரிதானே என்று பட்டது. முழுத் திரையும் தெரியும், அம்மா தரையில் காலை நீட்டி உட்காரலாம். பிரசிடெண்ட் முகத்தில் மெல்லிய சிரிப்பு. கெட்டிக்காரர். கதவைத் திறக்காமலே ஜெயித்துவிட்டார் என்று எனக்கு உறைத்தபோது, பதில் சொல்ல வாய் வரவில்லை. இங்கிலீஷ் படித்த வாய்.

கல்லிலிருந்து அம்மா எழுந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். காலனியில் அவள் வயதுக்காரர்கள் பிரசிடெண்ட் குடும்பத்தை 'ஆண்ட' என்றுதான் கூப்பிடுவார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்களை அழைக்கிற பழைய வார்த்தை. அம்மா வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

"பிரசிடெண்ட்டு" என்றாள் அம்மா.

கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"மய வந்தா பொட்டிய உள்ள எட்துக்கினு பூடுவீங்க. எங்கள?"

அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"வாணாம். பொட்டி கீற எடத்துலியே கீட்டும். தூக்காதீங்கடா பசங்களா, ஒடஞ்சிடப் போவுது. நாங்க உள்ள வர்றோம்."

சொல்லிவிட்டு நடந்தாள். வேகமாக நடக்க அவளால் முடியாது. வலது முழங்கால் மடங்காது. ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று படி ஏறினாள். பிரசிடெண்ட் இரண்டாவது படியில் நின்றிருந்தார். அவள் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் நகர்ந்தார். ஏன் நகர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. பழக்கதோஷமாகத் தீட்டுப் பட்டுவிடும் என்று நகர்ந்தாரோ, வழிவிட்டாரோ. வழி இருந்தது. அம்மா போனாள். அவள் பின்னால் நான், என் பின்னால் காலனி முழுக்க.

என் வாழ்க்கையில் பெருமையாக இருந்த நாள்கள் சில உண்டு. டைப்ரைட்டிங் பரீட்சையில் பாஸான நாள், முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள். அவற்றையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, என் அம்மா அந்த மூன்று படி ஏறியதை இன்னொரு தட்டில் வைத்தால் இதுதான் கீழே இறங்கும்.

முன்வரிசையில் பிரசிடெண்ட் சம்சாரத்தின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அது பிரசிடெண்ட் நாற்காலி. அம்மா அதில் உட்கார்ந்தாள். அந்த அம்மாளும் கொஞ்சம் நகர்ந்தார். அதற்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. தொடர் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் இருவரும் இடது கையைக் கன்னத்தில் வைத்துவிட்டார்கள்.

நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கதை சொல்ல. முழுத் திரையையும் முதன்முதலாகப் பார்த்த அம்மா திகைத்துப்போனாள்.

"இன்னாடி, ரெண்டு பேரு கீறானுங்க!"

ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "அதைத்தானேம்மா ஒம்பது வாரமாச் சொல்றேன்" என்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றுப்போன மாதிரி இருந்தது அவள் முகம்.

கடைசிப் பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. அதாவது திரையில். இங்கிலீஷே இல்லை. கேப்டன் படியிறங்கி வருகிறான். கண்ணாடி முன்னால் நிற்கிறான். கைதியும் நிற்கிறான். கேப்டன் கையைத் தூக்குகிறான், அவனும் தூக்குகிறான். கேப்டன் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் கண்ணாடியை ஓங்கி அடிக்கிறான். கண்ணாடி நொறுங்கி விழுகிறது. அதன் பின்னால் கைதி இல்லை, அறையும் இல்லை. வெறும் சுவர். தொட்டிச் செடியும் ஒன்றுதான். கப்பல் முழுக்க அந்த ஒரே ஆள்தான் இருந்திருக்கிறான். தானே தன்னை அடைத்துவைத்துத் தினமும் போய்ப் பார்த்து வந்திருக்கிறான்.

ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வால்நட்சத்திரம், இரட்டைப் பிள்ளைகள், செடி கொடுத்த அம்மா, ஒன்பது வாரமாக நான் கட்டிய கோட்டை அத்தனையும் அந்தக் கண்ணாடியோடு நொறுங்கிக் கிடந்தது. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது பிரசிடெண்ட் சம்சாரம் திரும்பினார். என் பக்கம் இல்லை. அம்மா பக்கம்.

"இன்னாம்மே இது? அந்தக் கைதி எங்க பூட்டான்?"

"கைதின்னு ஒருத்தன் இல்லவே இல்லம்மா" என்றாள் அம்மா. தயங்காமல், ஹால் முழுக்கக் கேட்கிற குரலில். "இவன் ஒருத்தன்தான். மேல போனா ஆபீசரு. கீய வந்தா, நீ இதுக்கெல்லாம் லாயக்கில்லடான்னு தன்னத்தானே உள்ள தள்ளிப் பூட்டிக்கறான். பூட்டனது யாரு? அவனே. நான் மொத வாரத்துலேர்ந்து சொல்றேன், எம் பொண்ணு சிரிச்சிது."

ஃபிட்டர் கைதட்டினான். யாரோ விசிலடித்தார்கள். நான் பொய் சொன்னதற்கு ஒருவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, அவர்களுக்கு அம்மா சொன்னது போதுமாக இருந்தது. எனக்கும் போதுமாக இருந்தது. மூக்குடைபட்டதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அதற்குமுன் நான் நினைத்ததில்லை.

பிரசிடெண்ட் டி.வி. கதவை மூடிப் பூட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். அம்மா எழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். என் டிபன் பையை வாங்கி உள்ளே கைவிட்டுத் துழாவினாள். டிபன் டப்பாவை மடியில் வைத்தாள், கர்ச்சீப்பை வைத்தாள், கடைசியில் பேட்ஜை எடுத்தாள். குழல் விளக்கு வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"குனி" என்றாள்.

ஊரும் காலனியும் பார்த்துக்கொண்டிருக்க நான் குனிந்தேன். இரும்பு பொறுக்கிக் காய்ப்புக் காய்த்த விரலில் அந்தச் சின்ன ஊசி அகப்படவில்லை. இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாவது தடவை குத்தினாள். கோணலாகக் குத்தினாள். ஊசி புடவையைத் தாண்டி ரவிக்கையைத் தாண்டித் தோலிலும் கொஞ்சம் ஏறிவிட்டது. சுரீரென்றது. நான் அசையவில்லை.

"நான்தான்டி கழட்டச் சொன்னேன்" என்றாள். "தப்பு. இனிமே கழட்டாத."

தெருவில் இறங்கினோம். டீக்கடை பெஞ்சு நிறைய ஆள் இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி, அந்த பெஞ்சின் ஓரமாகவே என்னை நடத்திக்கொண்டு போனாள்.